ஒரு படத்துக்கு எத்தனை விநாடி

ஸ்லைட்ஷோவில் ஒரு படம் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று இனிமேல் யாரும் என்னிடம் கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பதிலை ஒரே தடவையாக எழுதிக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கிள்ளானில் எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் வகுப்பு எடுக்கிறேன். கைப்பேசியில் குவிந்து கிடக்கும் படங்களை ஸ்லைட்ஷோவாகவும் போட்டோ புத்தகமாகவும் செய்யத் தெரியாதவர்களுக்கான வகுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். ஒரு டாக்சி ஓட்டுநர், காலையில் நாசி லெமாக் சோறு விற்கும் இரண்டு பெண்கள், பணி ஓய்வு பெற்ற ஜெயா டீச்சர். வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி எந்த ஆப் நல்லது என்பது. இரண்டாவது கேள்வி எத்தனை விநாடி. எந்தப் படத்தை விடுவது, எந்தப் படத்தை வைப்பது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இதய வடிவத்தில் சட்டம் போடலாமா, ஜிகினா கொட்டுகிற மாதிரி செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம். செய்துவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் காட்டாதீர்கள்.

போன வாரம் ஜெயா டீச்சர், "அக்கா, ஆப்பே மூணு செகண்ட்னு வச்சிருக்கு. அதையே விட்டுட்டா என்ன?" என்றார். மாமியாரின் எண்பதாவது பிறந்தநாளுக்காக அவர் செய்துகொண்டிருந்தார்.

"மூணு செகண்டுல உங்க மாமியார் கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டுடுவாங்களா டீச்சர்?"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்காமல் யோசித்தார். அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.

தானாக ஸ்லைட்ஷோ செய்கிற கைப்பேசிமேல் எனக்குக் கோபம் கிடையாது. வேகமாகச் செய்கிறது, காசு கேட்பதில்லை, வாடிக்கையாளரோடு சண்டை போடுவதில்லை. நான் இந்த மூன்றிலும் மோசம். என் கோபமெல்லாம் தங்கள் படத்தைத் தாங்களே ஒரு தடவைகூட உற்றுப் பார்க்காதவர்கள்மேல்தான்.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோ கடையில் சேர்ந்தேன். கடை மாடியில் இருந்தது. கீழே மாலை கட்டுகிறவர்கள். படியேறும்போதே மல்லிகைப் பூவும் சாக்கடையும் சேர்ந்து மணக்கும். கிள்ளானிலிருந்து ஆரம்ப வருடங்களில் பஸ், பிற்பாடு கொமுட்டர் ரயில். கல்லாவில் நின்றேன், ஃபிலிம் வெட்டினேன், கல்யாண ஆல்பத்துக்குப் பசை தடவினேன். கணினி வந்தபோது மற்றவர்கள் அதைத் தொடப் பயந்தார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் பசை நாற்றம் அதைவிட மோசமாக இருந்ததால் போய் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை. என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான்.

முதலாளி ஒரு சீனர், பெயர் லாய். எல்லாரும் பாஸ் என்றே கூப்பிடுவோம். ரயில்வே குடியிருப்புப் பக்கம் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவர் என்பதால் தமிழ் பேசுவார். தமிழில் திட்டுவதும் நன்றாக வரும். ஆனால் கடையில் அவர் திட்டி நான் கேட்டதில்லை. எந்நேரமும் வாயில் ஒரு அசாம் போய், அதாவது உப்பும் புளிப்புமாக உலர்த்திய அந்தக் காய், ஊறிக்கொண்டிருக்கும். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் சத்தம் இருக்காது. தவறு இருந்தால் வாயிலுள்ள கொட்டை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாறும். பல்லில் அது இடிக்கும் சத்தம் கேட்டாலே எனக்குத் திக்கென்று இருக்கும். என்ன தவறு என்று சொல்லமாட்டார். நானே கண்டுபிடிக்கவேண்டும். அந்தக் காலத்தில் அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

அவர் வைத்திருந்த முறையை அப்படியே சொல்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

பென்டிரைவைக் கல்லாவில் போட்டுவிட்டுப் போகிற வேலை எங்கள் கடையில் நடக்காது. வாடிக்கையாளர் ஒரு முக்காலியில் உட்கார வேண்டும். படங்களையெல்லாம் தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாக அச்சடித்துப் பெரிய மேசையில் பரப்புவோம். பாஸ் முதலில் கேட்பது, "யாரு பார்க்கப் போறது? எங்க உட்கார்ந்து பார்ப்பாங்க?" என்பதுதான். அதற்குப் பதில் வராமல் வேலை தொடங்காது. பிறகு ஒவ்வொரு படமாகத் தொட்டு, "இது யாரு?" என்பார். படத்தில் இருக்கிற அத்தனை பேருடைய பெயரையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். பெயர் சொல்லத் தெரியாத படத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஒரே மாதிரி நான்கு படம் இருந்தால் மூன்றைக் கவிழ்ப்பார். ஆயிரம் படத்தோடு வந்தவர்கள் கடைசியில் அறுபது, எழுபதோடு நிற்பார்கள்.

பழைய ஆல்பங்களில் படம் பசையோடு இறுகிப் போயிருக்கும். நகத்தால் பிய்த்தால் படம் பாழ். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, ரம்பம் இழுப்பதுபோல மெதுவாக இழுத்தால் பெயர்ந்து வந்துவிடும். புத்தகத்தில் இரண்டு பக்கம் சேரும் மடிப்பில் யாருடைய முகமும் விழக்கூடாது. விழுந்தால் மூக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் போய்விடும். ஓரத்தில் இருப்பதை அழகுக்காக வெட்டக்கூடாது. சேலை கட்டியவர்களின் படத்தை இடம்வலமாகத் திருப்பக்கூடாது. திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். எந்தக் கிழவியும் அதை ஒரு பார்வையில் கண்டுபிடித்துக் கடையையே கேவலமாகப் பேசுவாள். எல்லாம் முடிந்ததும் பாஸ் பாட்டை நிறுத்திவிட்டு ஊமைப் படமாக ஒருமுறை பார்ப்பார். பாட்டு இல்லாமல் பார்க்கச் சகிக்காத ஸ்லைட்ஷோ, பாட்டோடும் சகிக்காது.

விநாடிக்கு வருகிறேன். பாஸ் விநாடி எண்ணமாட்டார். படம் திரையில் வந்ததும் அதில் இருக்கிறவர்களின் பெயரை உதட்டுக்குள் மெதுவாகச் சொல்வார். கடைசிப் பெயர் முடியும்போது படம் மாறவேண்டும். ஒருத்தர் இருக்கிற படம் சீக்கிரம் போகும். குடும்பமே நிற்கிற படம் நின்று நிதானமாகப் போகும். பார்க்கிறவன் முதலில் தன்னைத் தேடுவான், பிறகு தன் ஆளைத் தேடுவான், அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். இதுதான் கணக்கு. இதை எந்த ஆப்பும் செய்யாது, அதற்கு உங்கள் சொந்தக்காரர்களின் பெயர் தெரியாது.

முக்காலியில் உட்காரச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். செராஸிலிருந்து ஒரு கட்டடக் குத்தகைக்காரர் தன் அறுபதாம் கல்யாணத்துக்காக வந்தார். கொண்டு வந்த படமெல்லாம் அவர் யார் யாரோ பெரிய மனிதர்களோடு கைகுலுக்குவது, மாலை போடுவது, திறப்பு விழாவில் கத்தரிக்கோல் பிடிப்பது. மேசை நிறையப் பரப்பியபின் பாஸ் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். "சார், இது ரெண்டு பேரு கல்யாணமா, ஒரு ஆளு கல்யாணமா?" என்று அவரையே கேட்டார். மனிதர் முகம் சிவக்க எழுந்து போய்விட்டார். மறுநாள் அவர் மனைவி ஒரு பை நிறையப் படத்தோடு தனியாக வந்தார். "அவருகிட்ட சொல்லாதீங்க, நானே காசு தரேன்" என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் வரை வாய் ஓயவில்லை. அவ்வளவு பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது மல்லிகாவின் கதை. நான் வேலை செய்த காலத்தில் என்னை மிகவும் சிரமப்படுத்தியது இதுதான்.

மல்லிகா கம்போங் மேடான் அடுக்குமாடியில் இருந்தாள். ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் சமையல். வேலை முடிந்து அப்படியே வந்திருந்தாள், சட்டையில் சம்பல் வாசம் இருந்தது. ஓர் ஐஸ்கிரீம் டப்பா நிறைய போட்டோவும், பிளாஸ்டிக் தாள் மஞ்சளாகிப்போன ஓர் ஆல்பமும் கொண்டு வந்தாள். மகள் புவனாவுக்குக் கல்யாணம். விருந்தன்று போட ஒரு ஸ்லைட்ஷோ வேண்டும், பிறகு கல்யாணப் படங்களையும் சேர்த்து ஒரு புத்தகம் வேண்டும்.

பாஸ் வழக்கம்போல யாரு பார்க்கப் போறது என்றார். "பொண்ணுதான் பாஸ். அவளுக்குத்தான் செய்றேன்."

"நீங்க எங்க உட்காருவீங்க?"

"நானா? நான் பின்னால, கடைசி மேசையில."

கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. மணப்பெண்ணைத் தாய்மாமனும் மாமியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்ப்பார்கள் என்றும், தான் முன்னால் போய் நிற்கப்போவதில்லை என்றும் அவளே சொன்னாள். இந்தக் காலத்திலும் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்களே என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

புவனா அவள் பெற்ற பிள்ளை இல்லை என்பதையும் அவள் மறைக்கவில்லை. அக்கா சரசுவின் பிள்ளை. குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தபோதே சரசு காய்ச்சலில் போய்விட்டாள். கைக்குழந்தையை வேறு யாரிடம் கொடுப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, மல்லிகாவை அக்காள் புருஷனுக்கே கட்டி வைத்தார்கள். நம்மவர்களிடம் இது நடக்கிற கதைதான். அவளைக் கேட்டார்களா என்று நான் கேட்டேன். "கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

புவனாவுக்கு எல்லாம் தெரியும். மல்லிகாவைத்தான் அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். பெற்றவளின் படம் வீட்டில் சாமி மேடைக்குப் பக்கத்தில் மாலையோடு ஒன்று இருந்தது. மற்றவை எல்லாம் இந்த டப்பாவில் கிடந்தன.

மேசையில் படங்களைப் பரப்பினோம். அக்காவும் தங்கையும் அச்சில் வார்த்ததுபோல இருந்தார்கள். பழைய படம், மங்கிய நிறம், யார் யார் என்று எனக்குப் பிரிக்கவே தெரியவில்லை. மல்லிகா ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பெயர் சொன்னாள். அவள் வலது கைச் சுண்டுவிரல் கொக்கிபோல உள்பக்கம் வளைந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பொறக்கிறப்பவே இப்படித்தான்க்கா. பாப்பா தூங்குறப்ப இதத்தான் புடிச்சுக்கும், மாட்டி வச்ச மாதிரி. உருவ முடியாது" என்று சிரித்தாள்.

இது அக்கா பள்ளிக்கூடத்தில். இது அக்கா கல்யாணம். இது அக்கா பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு. இதுவும் அக்காதான், பாப்பாவோடு. இதுவும்.

அடுத்தது பத்துமலை அடிவாரத்தில் எடுத்த படம். குழந்தைக்கு மொட்டை போட்டுத் தலை முழுக்கச் சந்தனம் பூசியிருந்தது. இடுப்பில் தூக்கி வைத்திருந்தவளின் கை குழந்தையின் பாவாடைக்குள் மறைந்திருந்தது. குழந்தை கேமராவைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"இது யாரு?" என்றேன்.

"சரசக்கா."

நான் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பிறகு அதை மேசையில் வைத்தேன்.

"மல்லிகா, பாப்பாவுக்கு வாய் நிறையப் பல்லு இருக்கு."

அவள் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்க அக்கா போனப்ப பாப்பா தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. அந்த வயசுல ஏது இத்தனை பல்லு? எழவு விழுந்த வீட்டுல அந்த வருஷமே மலைக்குப் போயி மொட்டை போட்டீங்களா?"

எந்த வீட்டிலும் போடமாட்டார்கள். ஒரு வருடம் மலைக்கோயில் பக்கமே போகமாட்டார்கள். முதல் வயதில் மொட்டை தவறினால் இரட்டைப்படையில் போடாமல் மூன்றாம் வயதுக்குத் தள்ளுவார்கள். அப்படியானால் படத்தில் இருந்தவள் சரசுவாக இருக்க வழியே இல்லை. பாஸுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும் என்பது மல்லிகாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் மேசை விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே சாயல்தான்க்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதே."

"உங்களுக்குத் தெரிஞ்சா பரவால்ல. அவளுக்குத் தெரிய வேணாம்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே ஒரு வீடியோ செய்துவிட்டார்களாம். அதில் மாப்பிள்ளையைக் குழந்தையாக அவன் அம்மா தூக்கி வைத்துக்கொண்டு, குளிப்பாட்டிக்கொண்டு, சோறு ஊட்டிக்கொண்டு. புவனா அதைப் பார்த்துவிட்டு வந்து, "எங்கம்மா என்னைத் தூக்கி வச்ச படம் ஒண்ணுகூட இல்லல்ல?" என்று சும்மா கேட்டிருக்கிறாள். எங்கம்மா என்று அந்தப் பெண் சொன்னது சரசுவை. மல்லிகா அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாளாம். டப்பாவைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறாள். இல்லை. அந்த வீட்டில் கேமராவே சரசு போன பிறகுதான் வந்தது. புவனாவைத் தூக்கி வைத்திருக்கும் படம் எல்லாமே மல்லிகாவுடையதுதான்.

"எனக்கு இத்தனை வருஷம் கிடைச்சுது. அக்காவுக்கு ஒரு வருஷம்கூட கிடைக்கல. படத்தையாச்சும் அவ வச்சுக்கட்டுமே."

என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அழுதிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒருத்தி இரவும் பகலும் பிள்ளையைத் தூக்கிச் சுமந்துவிட்டு, அந்தக் கையும் என்னுடையது இல்லை என்று எழுதிக் கொடுக்கிறாளே. நான் சத்தமாகவே சொன்னேன், பொய்யைப் புத்தகமாக அச்சடிக்க நான் ஆள் இல்லை என்று. நாளைக்கு அந்தப் பெண் ஒரு பிள்ளை பெற்று, எப்போது பல் முளைக்கும், எப்போது நடக்கும் என்று கண்ணால் பார்த்த பிறகு, இந்தப் படத்தை எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பெற்றவளும் போய்விடுவாள், வளர்த்தவளும் பொய்க்காரி ஆகிவிடுவாள்.

என் சத்தம் கேட்டு பாஸ் உள்ளேயிருந்து வந்தார். என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் வாயிலிருந்த கொட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனது. படங்களைக் குனிந்து பார்த்தார்.

"அம்மா, உங்க படம், நீங்க வேணாம்னா எடுத்துக்கலாம். அது உங்க இஷ்டம். ஆனா வேற ஆளு பேரு வைக்க முடியாது. நம்ம கடையில அது தா போலே, முடியாது."

 மல்லிகா குழந்தையோடு தான் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மொட்டைப் படத்தையும் எடுத்தாள். எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடினாள். "அப்ப இதெல்லாம் வேணாம்" என்றாள்.

"ஒண்ணுகூடவா?" என்றேன்.

"என்னத்தான் அவ தினமும் பார்க்கிறாளே."

நான் பாஸை வெளியே படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பொம்பளை தன்னையே கத்தரித்து எடுத்துக்கொண்டு போகிறாள், நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்களே என்று கத்தினேன். கீழே மாலை கட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பாஸுக்குக் கோபம் வரவில்லை. "ராணி, நம்ம கத்தி பேப்பர் வெட்டுறதுக்கு. ஆள வெட்டுறதுக்கும் இல்ல, ஒட்டுறதுக்கும் இல்ல. போ, இன்னும் நல்லா பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நல்லா பாரு என்று அவர் சொன்னால் எங்கே பார்க்கவேண்டும் என்று சொல்லமாட்டார். அது எப்போதும் அப்படித்தான்.

திரும்பி வந்து ஆல்பத்தை இழுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு படம் முழுக்க ஒட்டிப்போயிருந்தது. மேலே இருந்த பிளாஸ்டிக் மஞ்சளாகி, உள்ளே யார் என்றே தெரியவில்லை. நூலை அடியில் விட்டு மெல்ல இழுத்தேன். மல்லிகா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு மூலை மட்டும் கிழிந்தது, மற்றதெல்லாம் முழுசாக வந்தது.

சரசுவின் வளைகாப்பு. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ எடுத்ததாம். நாற்காலியில் சரசு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், முழங்கை வரை கண்ணாடி வளையல், மடியில் பூ. வயிறு நன்றாகத் தெரிந்தது. ஓரத்தில் யாரோ வளையல் போட நீட்டிய கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு நின்றது. படம் எடுத்தவருக்குச் சரியாக எடுக்கத் தெரியவில்லை.

"இதுல யாரு?" என்றேன்.

"அக்கா மட்டும்தான்."

"மட்டும்தானா?"

நான் பென்சிலால் சரசுவின் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். மல்லிகா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. புரிந்ததும் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"பாஸ், இந்தப் படத்துக்கு எத்தனை பேரு?" என்று கத்தினேன்.

அவர் வந்து பார்த்தார். வாயிலிருந்த கொட்டையை எடுத்துத் தாளில் மடித்தார். "ரெண்டு" என்றார்.

தூக்கி வைத்துக்கொண்ட படம் இல்லையென்றால் போகிறது, சுமந்துகொண்ட படம் இருக்கிறது. பொய் சொல்லாமலே புவனாவுக்குக் கொடுக்க ஒன்று கிடைத்தது. மல்லிகா தன் டப்பாவை மட்டும் திறக்கவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இது போதும்க்கா" என்று அதை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

ஸ்கேன் செய்தபோது கணினி ஓரத்தில் இருந்த கையை வெட்டிவிடட்டுமா என்று கேட்டது. வெட்டினால் சரசு அழகாக நடுவில் வந்திருப்பாள். பாஸின் சட்டம் இருந்ததால் வேண்டாம் என்று அழுத்தினேன். மங்கிய சின்னப் படம், அந்தக் கையை நான் உற்றுப் பார்க்கவும் இல்லை. படத்தின் நேரத்தை மட்டும் நானே வாய்விட்டுச் சொல்லி அளந்தேன். சரசு. புவனா. இரண்டு பெயருக்கான நேரம்.

விருந்து கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் கணினியோடு மண்டபத்தின் பின்பக்கம் இருந்தேன். என் மேசைக்குப் பக்கத்தில்தான் கடைசி மேசை. அதில் சமையலறைக் கதவுக்கு முதுகைக் காட்டி மல்லிகா உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வதே தப்பு. யாருக்கு ரசம் வரவில்லை, யாருக்குத் தண்ணீர் வரவில்லை என்று எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தாள். பாஸ் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் ஸ்லைட்ஷோ முதல்முறை போடப்படும் இடத்துக்கெல்லாம் அவர் வந்துவிடுவார், சாப்பிடமாட்டார்.

மாப்பிள்ளை வீட்டு வீடியோ முதலில் ஓடியது. நல்ல சத்தம், நல்ல ஜிகினா. அவன் அம்மா அவனுக்குச் சோறு ஊட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு எங்களுடையது. சரசு பள்ளிச் சீருடையில். சரசு கல்யாணக் கோலத்தில். பக்கத்து மேசையில் ஒரு பெரியம்மா, நல்ல காரியத்தில் செத்தவங்க படத்தை இவ்வளவு பெருசாகப் போடணுமா என்று முனகினார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவர் கோழிக்கறிக்குத் திரும்பிவிட்டார்.

வளைகாப்புப் படம் வந்தது. அவ்வளவு பெரிய திரையில் அதை நானே அப்போதுதான் பார்த்தேன். சரசுவின் வயிறு ஆளுயரத்துக்கு இருந்தது. ஓரத்துக் கை ஒரு கதவளவுக்கு இருந்தது. நான் உதட்டுக்குள் சொன்னேன். சரசு. புவனா. படம் மாறியது. தடுக்கில் தனியாக உட்கார்ந்திருக்கும் குழந்தை வந்தது.

மேடையில் புவனா எழுந்து நின்றுவிட்டாள்.

மாப்பிள்ளை ஏதோ கேட்டான்.  அவள் அந்தக் கனமான சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். மேசைகளுக்கு நடுவே நேராகப் பின்பக்கம் வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். என்னிடம்தான் சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நானும் எழுந்து நின்றேன். சண்டை என்றால் எனக்குப் பழக்கம்தான்.

அவள் என்னைத் தாண்டிப் போனாள். மல்லிகா கையில் ரசச் சட்டியோடு நின்றாள். புவனா சட்டியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அவளுடைய வலது கையைப் பிடித்தாள். சுண்டுவிரலைத் தன் விரலில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க ஏன்மா எதுலயும் இல்ல?"

"இது உன் அம்மாவுக்காகச் செஞ்சதுடி."

"இந்த விரல எனக்குத் தெரியாதா?"

மல்லிகா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். புவனா விடவில்லை. அப்படியே என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அந்தப் படத்தத் திரும்பப் போடுங்க."

பின்னுக்குத் தள்ளி நிறுத்தினேன். வளைகாப்புப் படம் மறுபடியும் வந்தது. ஓரத்தில் அந்தக் கை, சிவப்பு வளையலைப் பிடித்தபடி, சுண்டுவிரல் கொக்கிபோல உள்ளே வளைந்து. சுவரோரம் பாஸின் உதடு அசைந்தது. சரசு. புவனா. இரண்டாவது பெயரோடு அவர் நிறுத்தவில்லை.

நான் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.